சந்தனம் பூசிய ரிவால்வர்

என் முன்னாள் கணவரை இதில் முழுக்க 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். குடித்தனம் நடத்திய காலத்தில் 'அவர்', 'வாங்க', 'போங்க' எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். கையிருப்பு இல்லை.

அவனுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக் கடை. கயிறு என்றால் துணி காயப்போடும் கயிறு இல்லை. விசைப்படகுக்கு நைலான் வடம், கண்டெய்னர் லாரிக்கு இரும்புச் சங்கிலி, கப்பி, கொக்கி, தார்ப்பாய். அவன் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்த கடை. வீடு ராயபுரத்தில். வீட்டில் அவன், அவன் அம்மா, நான். குழந்தை இல்லை. அதற்கும் என்னைத்தான் சொன்னார்கள்.

மாமனாரிடம் லைசென்ஸோடு ஒரு பழைய ரிவால்வர் இருந்ததாம். நான் வாழ வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிதாக, கனமாகக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் அது பாட்டுக்குக் கிடக்குமாம். தேர்தல் வரும்போது ஸ்டேஷனில் ஒப்படைக்க மட்டும் அதை வெளியே எடுப்பாராம். அவர் இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு வாங்க மகன் அலையாத ஆபீஸ் இல்லை. அந்த அலைச்சலில் பாதி அலைந்திருந்தால் என்னை ஒரு நல்ல டாக்டரிடமாவது காட்டியிருக்கலாம்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினான். புதுசு என்றாலும் உருவம் பழையதுதான். அதே உருளை, அதே ஆறு ஓட்டை, அதே வளைந்த பிடி. ஆனால் தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கென்றே திருத்தியிருந்தார்கள். குழல் கட்டை. இரும்புக்குப் பதிலாக லேசான ஏதோ உலோகம். பிடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பின்னால் கொக்கி மாதிரி துருத்திக்கொண்டிருக்குமே சுத்தியல், அதைத் துணியில் மாட்டாதபடி மழித்து வழவழப்பாக்கியிருந்தார்கள். "சட்டைக்குள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது" என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டுவான்.

அதற்காகத் தையல்காரரிடம் சொல்லி எல்லாச் சட்டையையும் ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்துக்கொண்டான். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவான், முடி வெட்டிக்கொள்ளவும் அதோடுதான் போவான். பந்தியில் உட்காரும்போது இடுப்பை ஒருமுறை தடவிவிட்டு உட்காருவான். பக்கத்து இலைக்காரர் என்னவென்று கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கடையில் சங்கிலி தூக்கும் ஆட்கள் அவன் முதுகுக்குப் பின்னால், "நைனா, மொதலாளி குனிஞ்சா தள்ளி நில்லு, பின்னாடி வெடிச்சிடப் போது" என்று சிரிப்பார்கள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

யாருக்குப் பயந்து இது என்று கேட்டால் என்னைப் பார்த்துச் சொல்வான்: "உங்க ஊரு ஆளுங்களுக்குத்தான்." நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களும் நாங்களும் ஒரே சாதிதான், பேச்சுதான் வேறு. என் வாயில் தப்பித் தவறி 'இன்னா', 'கீது' வந்துவிட்டால் மாமியார் முகத்தைச் சுளிப்பாள். அந்தப் பேச்சு பேசுகிற எங்கள் தெருவில் எத்தனையோ குடிகாரப் புருஷன்களைப் பார்த்திருக்கிறேன். கத்துவான், சட்டியை உடைப்பான், சாக்கடையில் விழுந்து கிடப்பான். இவன் குடிக்க மாட்டான், கத்த மாட்டான். விபூதி பூசிக்கொண்டு நிதானமாகச் செய்வான்.

அவன் செய்ததற்கு அவன் வைத்த பேர் 'டெஸ்டிங்'. காலையில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பிட உட்காரும் முன் பீரோவிலிருந்து ரிவால்வரை எடுத்து வருவான். வீட்டுக்குள் அது காலியாகத்தான் இருக்கும். அது அவன் அப்பா போட்ட சட்டம். குண்டுகள் தனியாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுதான் போட்டுக்கொள்வான். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் எடுத்துவிடுவான். இதில் ஒரு நாளும் தவறியதில்லை. காலியான ரிவால்வரை, நான் தட்டில் இட்லியோடு எதிரே வந்து நிற்கும்போது, என் நெற்றிக்கு நேரே நீட்டி விசையை இழுப்பான். அது சட்டென்று இழுபடாது. மெதுவாக வரும். உருளை ஒரு கட்டம் சுற்றும். அப்புறம் 'டிக்'. அவ்வளவுதான். கீழே வைத்துவிட்டு, "சட்னி கொஞ்சம்" என்பான்.

முதல் தடவை சாம்பார்க் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். அம்மாவும் மகனும் அப்படிச் சிரித்தார்கள். நான் தரையைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து இரண்டாம் தடவை செய்தான். அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. நான் கண்ணைச் சிமிட்டினால், தலையைத் திருப்பினால், கை நடுங்கித் தட்டு ஆடினால் இன்னொரு 'டிக்'. அசையாமல் நின்றால் ஒன்றோடு விடுவான். அதனால் அசையாமல் நிற்கப் பழகினேன். அவனை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே இட்லிக்கு மாவு அரைத்தேன்.

மாமியாரிடம் ஒருமுறை அழுதேன். "விளையாட்டுக்குப் பண்ணுதான். காலியாத்தான இருக்கு? ஆம்பளைக்கு ஒரு தமாசு வேண்டாமா?" என்றாள். என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அடிக்கிறாரா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப வுடு, காலியாத்தானே கீது" என்றாள். எங்கே போனாலும் இந்தக் காலி என்ற சொல்தான் எனக்குக் கிடைத்தது.

ஒரு விஷயம் மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன். ரிவால்வரில் குண்டு இருக்கிறதா என்பது பின்னால் பிடித்திருப்பவனைவிட எதிரே நிற்பவளுக்கு நன்றாகத் தெரியும். குழலுக்கு இரண்டு பக்கமும் உருளையின் ஓட்டைகள் முன்னால் பார்த்தபடி இருக்கும். காலி என்றால் கறுப்பாகத் தெரியும். குண்டு இருந்தால் அதன் மூக்கு தெரியும். தினமும் காலையில் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். எனக்கு இருந்த ஒரே நிம்மதி அது.

ஆயுத பூஜை வந்தது. கயிற்றுக் கடைக்காரர்களுக்கு அதுதான் பெரிய நாள். கடையில் தராசு, கம்பி வெட்டும் கத்தரி, டெம்போ எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் அவன் வருவான். வீட்டு பூஜை மாமியார் பொறுப்பு. அன்று ரிவால்வருக்கு லீவு. காலையிலேயே எண்ணெய் போட்டுத் துடைத்து அவனே பூஜைப் பலகையில் கொண்டுபோய் வைத்தான். "யம்மா, இதுக்கு நல்லா சந்தனம் வையி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

மாமியார் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அரிவாள்மனை, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, என் தையல் மெஷின். அவளுக்கு ஒரு விதி உண்டு. சாமிக்கு முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது. மிக்ஸி ஜாருக்குள் ஒரு பிடி அரிசி போட்டாள். சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். அவன் பழைய பர்ஸில் சில்லறை போட்டாள். தையல் மெஷினில் நூல் கோத்திருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். கடைசியாக ரிவால்வரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் போய் எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள்.

"அத்தை, வேணாம். அவரு வந்து பாத்துப்பாரு" என்றேன்.

"நீ சும்மா இரி. வெறுமையாவா வைக்கச் சொல்லுத? கடை வெறுமையாப் போகட்டும்னு நெனைக்கியா?"

தினமும் வாசலில் மகன் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் படித்திருந்தாள். பக்கத்திலிருந்த பித்தானைக் கட்டை விரலால் தள்ளினாள், உருளை வெளியே வந்தது. பல்லாங்குழிக்குச் சோழி போடுவது மாதிரி ஓட்டைக்கு ஒன்றாகப் போட்டு மூடினாள். அப்புறம் குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக எடுத்து உருளை முழுக்க அப்பினாள். மேலே குங்குமம். அதற்கு மேலே மஞ்சள் அட்சதை. ஓட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு சந்தனம் எனக்கு வளைகாப்புக்குக்கூடக் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வந்தான், பூஜை முடிந்தது, சுண்டல் சாப்பிட்டான். நான் போய்ச் சொன்னேன். "அத்தை அதுல குண்டு போட்டு வச்சிருக்காங்க. எடுத்துடுங்க."

வாயில் சுண்டலோடு சிரித்தான். "எங்கம்மாவா? அவுங்களுக்கு மிக்ஸி மூடியே சரியா மூட வராது."

"நான் பாத்தேன். ஒருவாட்டி தொறந்து பாருங்க."

"பூஜையில வச்சத நாளைக்குத்தான் தொடணும். அது தெரியாதா உனக்கு? ஆயுதத்துக்கு இன்னைக்கு ரெஸ்ட்." அப்புறம் என்னை உற்றுப் பார்த்தான். "இப்படிச் சொன்னா நாளைக்கு டெஸ்டிங் கிடையாதுன்னு நெனப்பா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் குறட்டை விட்டான்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை போட்டுக் கற்பூரம் காட்டினாள் மாமியார். அரிவாள்மனையும் மிக்ஸியும் சமையலறைக்குத் திரும்பின. அவன் ரிவால்வரை எடுத்து, காய்ந்த சந்தனத்தை ஒரு துணியால் மேலாகத் துடைத்தான். சாப்பிட உட்கார்ந்தான். நான் தட்டோடு வந்து எதிரே நின்றேன். நீட்டினான்.

ஓட்டைகளைப் பார்த்தேன். கறுப்பு இல்லை. மூக்கும் தெரியவில்லை. சந்தனம்தான் தெரிந்தது. அந்த வீட்டில் நான் பழகிய பேச்சு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"தோ பாரு, அதுல குண்டு கீது" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கீதா? இன்னா கீது? எங்க கீது?" என்று என்னை மாதிரியே பேசிக் காட்டினான். பேசிக்கொண்டே விசையை இழுத்தான்.

விரல் பாதி வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. உருளை சுற்றவில்லை. மறுபடி அழுத்தினான். புறங்கை நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். அசையவில்லை. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்தனமும் அட்சதை அரிசியும் இறுகிக் கல்லாகியிருந்தன. "சே, என்னத்தையோ மாட்டி வச்சிட்டாங்க" என்று சலித்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினான். "ஊக்கு கொடு."

தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். என் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இந்த ஒரு இடத்தில்தான். வேண்டுமென்று கொடுக்கவில்லை. கேட்டால் கொடுக்கிற பழக்கம், கை கொடுத்துவிட்டது. குழல் என் வயிற்றைப் பார்த்தபடி இருக்க, அவன் ஊக்கால் அரிசியை நோண்டி நோண்டி எடுத்தான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இட்லியில் ஆவி போய்விட்டது. அப்புறம் பித்தானைத் தள்ளி, உருளையை உள்ளங்கையில் தட்டினான். அது திறந்தது. உள்ளே குண்டுகளின் பித்தளை வட்டங்கள் வரிசையாக இருந்தன.

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தான், பாதி சட்டையில் கொட்டியது. பிறகு என்னைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "ஒழுங்காச் சொல்றதுக்கு என்ன?"

மாமியார் பூஜையறையிலிருந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். தான் குண்டு போட்டதை மறைக்கவில்லை. அதில் அவளுக்குத் தப்பே தெரியவில்லை. என் மேல்தான் பாய்ந்தாள்.

"தெரிஞ்சிருந்தும் மரம் மாதிரி நின்னிருக்கியே, வெலகணும்னு தோணலையா ஒனக்கு? நீ பாட்டுக்குச் செத்துப் போயிருப்ப. எம்புள்ளையில்லா ஜெயிலுக்குப் போயிருப்பான்."

இதை அவள் கோபத்தில் வாய் தவறிச் சொல்லவில்லை. உண்மையாகவே பதறிப்போய், கண்ணில் தண்ணீர் வரச் சொன்னாள். அந்தப் பதற்றத்தில் ஒரு சொட்டுகூட எனக்கானது இல்லை. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நான் யார் என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது.

அன்றே ஏன் கிளம்பவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. எழுந்து நிற்கவே முடியவில்லை. நான் படுத்துக் கிடக்கும்போது அம்மாவும் மகனும் திருச்செந்தூர் போனார்கள். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்ததற்காக அவனுக்கு மொட்டை, முருகனுக்குச் சந்தனக் காப்பு. தப்பித்தது அவனாம். வந்து எனக்கும் பன்னீர் இலை விபூதி கொடுத்தாள் மாமியார். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் அவன் ரிவால்வரை என் கண்ணில் காட்டவில்லை. திருந்திவிட்டான் என்றே நினைத்தேன். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கிய ஒரு காலையில், இட்லித் தட்டோடு நின்றபோது மறுபடி எடுத்து வந்தான். இந்தத் தடவை உருளையைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். ஒவ்வொரு ஓட்டையாகச் சுற்றிக் காட்டினான். "நல்லாப் பாத்துக்கோ. காலியா? அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது." மூடினான். நீட்டினான். 'டிக்'.

மாமியார் அடுப்படியிலிருந்து, "இப்ப காட்டிட்டுத்தான் பண்ணுதான். பயப்படாத" என்றாள்.

தட்டை மேஜையில் வைத்தேன். சட்னியும் வைத்தேன். அவன் கடைக்குப் போன பிறகு ஒரு பையில் நான்கு புடவையை எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறித் திருவொற்றியூருக்குப் போய்விட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். அம்மாதான் பழைய பாட்டைப் பாடினாள். "அடிச்சாரா? சூடு வச்சாரா? இன்னான்னு சொல்லிகினு வந்து நிக்கிற?"

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாபாரிகள் சங்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி வழக்கும் முதலில் அங்கேதான் போகும், கோர்ட்டெல்லாம் அப்புறம். சங்கத்துக்கு மேல்மாடியில் ஒரு ஹால். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட்டார்கள். தலைவர் எண்ணெய் மண்டிக்காரர், எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அவரோடு அரை வட்டமாக நாலைந்து பெரிய மனிதர்கள். ஒரு பக்கம் நானும் அப்பாவும். எதிரே அவன், தொளதொளச் சட்டையில். இடுப்பை ஒருமுறை தடவிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். தங்கமான மனிதர் என்று பேர் வாங்கியவர்.

"அடிச்சானாம்மா?"

"இல்லை அண்ணாச்சி."

"குடி, கூத்தியா?"

"இல்லை."

"ஒருநாள் குண்டு இருந்துச்சு, சரி. அது அவுங்கம்மா அறியாமப் பண்ணின காரியம். முருகன் காப்பாத்திட்டான். இப்பத்தான் காலியாக் காட்டிட்டுப் பண்ணுதாங்கியே. அப்புறம் என்னம்மா? வெளையாட்டுக்கெல்லாம் வீட்ட விட்டு வந்தா குடும்பம் எப்படி நடக்கும்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் லேசாகச் சிரித்தார். அன்றைக்கு அவர்கள் சேர்த்து வைத்திருந்தால் நான் திரும்பிப் போக வேண்டியதுதான். அப்பாவுக்கு அவர்களை எதிர்த்துப் பேச வாய் கிடையாது. நாளைக் காலை மறுபடி தட்டோடு நிற்க வேண்டும். அதை நினைத்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

"சரி அண்ணாச்சி. விளையாட்டுதான். நீங்க சொன்னா நான் போறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை உங்களப் பாத்து அதைச் செய்யச் சொல்லுங்க. காலியாத்தானே இருக்கு."

அண்ணாச்சி சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. ஆனால் சபையில் அதைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுகிறவனா அவன்? சட்டையைத் தூக்கி எடுத்தான். உருளையைத் திறந்து குண்டுகளை மேஜை மேல் கொட்டினான். எல்லாருக்கும் தெரியும்படி ஓட்டைகளைச் சுற்றிக் காட்டினான். "பாத்துக்கோங்க. ஒண்ணும் இல்ல" என்று மூடினான். என்னைத் தோற்கடிக்கப் போகிற சந்தோஷத்தில் அண்ணாச்சியின் நெற்றிக்கு நேரே நீட்டினான்.

"ஏலே, கீழ போடு" என்றார் அண்ணாச்சி.

"காலிதான் அண்ணாச்சி. சும்மா இருங்க."

"கீழ போடுலே."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். இந்தப் பக்கம் இருந்தவர் எழுந்தே விட்டார். சற்று முன்பு சிரித்தவர் வாசல் பக்கம் போய்விட்டார். குண்டுகள் எல்லாம் மேஜை மேல் கிடந்தன, எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனாலும் அந்தக் கட்டைக் குழல் திரும்பிய திசையிலெல்லாம் வழி உண்டாயிற்று. அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். நெற்றியில் வியர்வை. தோளிலிருந்த துண்டு தரையில் கிடந்தது.

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு ரிவால்வரைக் கீழே இறக்கினான். இழுக்கக்கூட இல்லை.

அண்ணாச்சி திரும்ப வந்து உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தபடியே, "சொல்லும்மா, ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அந்த ஹாலில் என்னை யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது.

"பிரிச்சு விட்டுடுங்க" என்றேன்.